அசதி வந்து தங்கிய வீடு

டிராக்டர்கள் வந்த பிறகு, அந்த வட்டாரத்து உழவு மாடுகளின் அசதி முழுவதும் நகராட்சி இறைச்சிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த ஒரே வீட்டில் வந்து தங்கிவிட்டது. அங்கே உட்கார்ந்தவர்கள் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. தண்ணீர் கேட்டு உள்ளே வந்த தபால்காரர் நாற்காலியில் சாய்ந்தார். அன்றைக்கு அந்தத் தெருவில் யாருக்கும் தபால் இல்லை. மின்சார மீட்டர் பார்க்க வந்தவரிடம் யாரோ முன்பே சொல்லி வைத்திருந்ததால் அவர் நின்றபடியே பார்த்துவிட்டு ஓடினார். வீட்டுக்காரர் இறைச்சிக்கூடத்தில் மாடு அறுப்பவர். குட்டையானவர், அதிகம் பேசமாட்டார். கத்தி பிடிக்கும் கை மட்டும் மற்றதைவிடப் பெருத்திருந்ததால் ஊரே அவரைப் பெரியகை என்றுதான் கூப்பிட்டது. மாடுகளைப் பார்த்து முத்திரை குத்திவிட்டுப் போகும் கால்நடை டாக்டர் ஒருநாள் இதைப் பற்றி விசாரித்தார். "கறி கடைக்குப் போயிடுது, தோல தோல்காரன் எடுத்துக்கறான், எலும்பக்கூட மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போயிடறாங்க. அசதிய வாங்கத்தான் ஆளில்ல சார். அதான் என் பின்னாலயே வந்துடுது" என்றார் பெரியகை. டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போனார்.

அதற்கு முன்பெல்லாம் கிழடு தட்டிய மாடுகள்தான் வரும், ஒன்றிரண்டாக, நடந்தே வரும். டிராக்டர் வந்ததும் நல்ல மாடுகளையும் ஜோடி ஜோடியாக விற்றார்கள். லாரி லாரியாக வந்து இறங்கின. வட்டாரத்தில் மாட்டிறைச்சி அந்த வருடங்களில்தான் உச்சத்தில் இருந்தது. மேலிடத்தில் அதை வளர்ச்சி என்று சொல்லிக்கொண்டார்கள். வீடு காலி செய்கிற நாளில் தெருவெல்லாம் சாமான் நிறைந்திருக்குமே, அந்த மாதிரி நிறைவுதான் அது. பெரியகைக்கு நுகத்தடி உட்காரும் இடத்தில், இரண்டு தோளிலும் தோல் காய்த்துப்போனது. கடைக்குப் போனால் தெருமுனை வரை நேராக நடப்பார், அங்கே மெதுவாகத் திரும்பி, போன தடத்துக்குப் பக்கத்துத் தடத்தில் வீட்டுக்கு வந்துவிடுவார்; வாங்கப் போனதை மறந்திருப்பார். அவருடைய மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்தவள். ராத்திரி பக்கத்தில் படுத்தால் அவளுக்கும் அசதி ஒட்டிக்கொண்டது, தையல் மெஷினை மிதிக்கக் கால் எழவில்லை. "ஏங்க, நீங்க படுத்துட்டீங்க, சரி. நானும் படுத்துட்டா அடுப்ப யாரு பத்தவெக்கறது?" என்று சொல்லிவிட்டுத் தன் பாயைச் சமையலறைக்கு எடுத்துக்கொண்டு போனாள். அவருக்கு மறுப்புச் சொல்லத் தெம்பில்லை.

அவர்களுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் தூங்கி, அறிவியலில் தூங்கி, எப்படியோ தட்டுத்தடுமாறிப் படித்து முடித்தவள், மாடு ஏற்றிவரும் லாரி டிரைவரோடு ஒருநாள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "இந்த வீட்ல இருந்தா நான் தூங்கியே செத்துப்போவேன்ப்பா. நான் இவரோட போறேன்" என்றாள். பெரியகை அவளைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். கோபப்படத் தெம்பு வருவதற்கே அவருக்கு இரண்டு மாதம் ஆயிற்று. வந்த கோபமோ பல வருடம் போகவில்லை. மகள் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அந்த வீட்டில் அவர் சட்டென்று எழுந்தது அதற்கு மட்டும்தான்.

பிறகு உழவு மாடுகள் தீர்ந்துபோயின. லாரிகளில் எருமைகள் வரத் தொடங்கின, பால் வற்றியவை. மாட்டிறைச்சி இறங்க இறங்க எருமைக்கறி ஏறி, ஒரு கட்டத்தில் கடைக்காரர்கள் மாடு என்று சொல்லி விற்பதை விட்டுவிட்டு எருமை என்றே விற்றார்கள். எருமைகளின் அசதி வேறு மாதிரி இருந்தது. தோளில் இல்லை, நெஞ்சில் கனத்தது. ஒவ்வோர் ஈற்றிலும் கன்றைப் பிரித்துக் கட்டிய அசதி அது. பால் கறக்கும் நேரத்தில் பெரியகைக்கு விழிப்புத் தட்டும். எழுந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தெருவையே பார்ப்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடினால் தலை தானாகத் திரும்பும். தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வரும், அவருக்கே கூச்சமாக இருக்கும். ஒரு மழைக்காலம் முழுவதும் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பஸ்சுக்கு எந்தப் பக்கம் போவணும்?" என்று மனைவியிடம் கேட்டார். எங்கே போகிறார் என்று அவள் கேட்கவில்லை. சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்து, மகளின் முகவரியை மனப்பாடமாகச் சொன்னாள். இத்தனை வருடமும் அவள் மகளோடு தொடர்பில்தான் இருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

மகள் கதவைத் திறந்தாள். கொஞ்சம் குண்டாகியிருந்தாள், கையில் ஈரத்துணி. பெரியகை கிட்டே போய் அவள் உச்சந்தலையை மோந்தார், நெற்றியை மோந்தார், காதோரம் மோந்தார். "என்னப்பா இது, எருமை மாதிரி?" என்று சிரிக்கப் போனவள் பாதியில் அழுதுவிட்டாள். "அதுங்களோடதுதாம்மா. நானா இருந்தா வந்திருக்கமாட்டேன்" என்றார். மாப்பிள்ளை நாற்காலி எடுத்துப் போட்டார். பெரியகை உட்காரவில்லை, உட்கார்ந்தால் அசதி இந்த வீட்டிலும் தங்கிவிடுமோ என்று பயம். நின்றபடியே சாப்பிட்டார். அதற்குப் பிறகு மாதம் தவறாமல் போனார், நின்றபடியே பேரன் பேத்தியை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்.

கடைசியில் ஊருக்கு வெளியே ஏற்றுமதித் தொழிற்சாலை வந்தது. நகராட்சி இறைச்சிக்கூடத்தை இழுத்துப் பூட்டினார்கள். இறைச்சிக்காகவே கொழுக்கவைத்த எருமைக் கிடாரிகளும் கடாக்களும் அங்கே வந்தன. பெட்டி பெட்டியாக உறைந்து, கப்பல் ஏறிப் போயின. முன்பு ஒரு வருடத்தில் அறுத்த அளவு இப்போது ஒரு வாரத்தில் அறுபட்டது. பெரியகையையும் வேலைக்கு எடுத்தார்கள். ஒரு வாரம் போய்வந்தார். எட்டாம் நாள் காலையில் எழுந்திருக்காமல் கிடந்தார்.

"உடம்புக்கு என்னங்க?"

"இந்தப் புது எருமைங்ககிட்டேருந்து ஒண்ணும் வரல. கை வெச்சுப் பாத்தேன். உழுததில்ல, கறக்கல, நடந்தது கூட இல்ல. அசதின்னு சொல்லிக்க ஒண்ணும் இல்ல அதுங்ககிட்ட." சுவர்ப்பக்கம் புரண்டு படுத்து, "பழசே போதும்" என்றார். அதோடு வேலைக்குப் போகவில்லை.

தொழிற்சாலையில் அசதி வேறொரு பக்கம் சேர்ந்தது. குளிர் அறையில் மாறி மாறி ஷிஃப்ட் பார்த்த ஆட்களுக்குத் தூக்கம் வரவில்லை; படுத்தால் மெஷின் சத்தம் காதில் ஓடியது. அவர்களில் ஒருவன் என்னவோ விசாரிக்க வந்து பெரியகை வீட்டில் உட்கார்ந்தவன், பொழுது சாயும்வரை குறட்டை விட்டுத் தூங்கி, முகம் தெளிந்து போனான். மறுநாள் நாலு பேரைக் கூட்டிவந்தான். இப்போது மத்தியானம் ஆனால் வீட்டுக் கூடத்திலும் நடையிலும் கால் வைக்க இடமில்லை. பெரியகை மூலையில் தன் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருப்பார். அவர் மனைவி தலைகளுக்கு நடுவே துணி வெட்டுவாள், பெருக்க வேண்டிவந்தால், "அந்தக் கால கொஞ்சம் எடுப்பா" என்பாள். தூக்கத்திலேயே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.