இப்போது பேசுவது யார்

நூலகத் தலைவி மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வேகத்தின் காதுக்குள் மாட்டியிருந்த இயர்போன், "உரிமக் காலம் முடிந்துவிட்டது, நாற்பது நிமிடம் மட்டும் இயங்கும்" என்று சொல்லிவிட்டு ஓய்ந்தது.

வேகம் என்பது அவனுடைய பட்டப்பெயர். அவனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளை விற்பதும், வாங்கியவர்களுக்குப் பழக்கிவிடுவதும்தான் அவன் வேலை. அந்தக் குரலை அவன் ஓடவிட்டுக் கேட்கும் வேகத்தில் மற்றவர்களுக்குக் கடுகு வெடிக்கிற சத்தம்தான் கேட்கும். ஊரெல்லாம் உரிமம் விற்கும் கம்பெனி தன் சொந்த லேப்டாப்புக்கு அதைப் புதுப்பிக்க மறந்திருந்தது. மறந்த மேலாளர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார்.

"சார், லைசன்ஸ் முடிஞ்சிருக்கு. நாப்பது நிமிஷம்தான் ஓடும்."

"தாராளம்ப்பா. மேடம் ரெண்டு வார்த்தை பேசிட்டு உக்காந்துடுவாங்க."

மேடம் உட்காரவில்லை. நூலகம் பிறந்த கதை, கூரை ஒழுகிய கதை, பார்வையற்ற வாசகர்களுக்கென்றே பத்துக் கம்ப்யூட்டர் கேட்டு அவர் ஏறி இறங்கிய படிகளின் கதை என்று ஒன்றன் வாலைப் பிடித்து ஒன்று வந்தது. அந்தப் பத்தும் நான்கு மாதமாகப் பின்சுவரோரம் உறை போர்த்தித் தூங்குகின்றனவாம். சரியான சாஃப்ட்வேர் வந்த பிறகுதான் திறப்பதாம். வேகம் கைக்கடிகாரத்தின் மூடியைத் திறந்து முள்ளைத் தடவினான். இருபது நிமிடம். மறுபடி தடவினான். முப்பத்திரண்டு. காரில் வரும்போது மேலாளர் சொன்னது நினைவுக்கு வந்தது. "இந்தப் பத்து லைசன்ஸும் போகலன்னா, உன் போஸ்ட்டை நான் எத்தன நாள் தாங்கிப் பிடிக்கிறது சொல்லு?"

கடைசியில் மைக் அவன் கைக்கு வந்தபோது எட்டு நிமிடம் மிச்சம். இயர்போனைக் கழற்றிக் குரலை ஸ்பீக்கரில் விட்டு, எட்டு நிமிடமும் அவன் வெளுத்து வாங்கினான். கடிதம் திறந்தான், மூடினான், அட்டவணைக்குள் புகுந்து வெளியே வந்தான். முன்வரிசையில் இருந்த எட்டு வாசகர்களும் மூச்சுவிடாமல் கேட்டார்கள். "முகவ" என்ற இடத்தில் குரல் அறுந்தது.

பார்வையுள்ளவர்களுக்கு எதுவுமே ஆகவில்லை. திரை அப்படியேதான் இருந்தது. மேலாளர் தலையாட்டிக்கொண்டே இருந்தார் என்று பின்னால் தெரிந்தது. வேகத்துக்குக் காதோரம் வியர்த்தது. யோசிப்பதற்குள் விரல்கள் மூன்று விசைகளை அழுத்திவிட்டன. கம்ப்யூட்டரோடு இலவசமாகவே வரும் குரல் எழுந்து, விட்ட இடத்திலிருந்து, "முகவரி" என்றது. நாள் முழுக்க ஊரூராகப் போய் அதைக் குறை சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் அதனிடமே செய்தி கேட்பவன் அவன். தான் விற்கும் சாமானைத் தானே வாங்க அவன் சம்பளம் இடம் கொடுக்கவில்லை.

முன்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

"சார், ஒரு சந்தேகம்," என்றது பெண் குரல். ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர் என்று தொடக்கத்தில் அறிமுகம் செய்துகொண்டவர். "இப்போ பேசுறது யாரு?"

மேலாளர் முந்திக்கொண்டார். "எல்லாம் நம்ம சாஃப்ட்வேர்தாம்மா. அதுல விதவிதமா குரல் இருக்கு."

"அப்படியா? இந்தக் குரலோட நான் வீட்டுல நாலு வருஷமா குடும்பம் நடத்துறேன் சார். யாருக்கும் ஒரு பைசா கொடுத்ததில்லயே."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். மேலாளரின் கை வேகத்தின் தோளில் விழுந்து அழுத்தியது. சும்மா இரு என்று அர்த்தம். பார்வையுள்ள இருவரிடம் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். இந்த எட்டுக் காதுக்காரர்களிடம் என்ன சொல்வது?

"அக்கா சொல்றது சரி," என்றான். "எங்களோடது செத்துப் போச்சு. இது கம்ப்யூட்டரோடவே வர்றது. இலவசம்."

தோளிலிருந்து கை விலகியது.

"அப்போ இந்தப் பத்துலயும்…?" என்று இழுத்தார் தலைவி.

"இருக்கு மேடம். வந்த நாள்லேருந்தே இருக்கு."

"நான் ரெண்டு தடவ சொன்னேனே மேடம்," என்றார் ஆபரேட்டர்.

தலைவியின் செருப்புச் சத்தம் பின்சுவரை நோக்கிப் போனது. அங்கிருந்து உறைகள் உருவப்படும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. மேலாளர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த அரைமணி நேரம் அறை சந்தைக்கடையானது. ஒரே குரல் எட்டு இடத்திலிருந்து எட்டு விதமாகப் பேசியது. வேகம் ஒவ்வொரு நாற்காலியாகத் தடவிப் போய் விசைகளைக் காட்டினான். ஆபரேட்டர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"சார், இந்த லைப்ரரியோட உறுப்பினர் பதிவுக்குள்ள போனா 'பட்டன், பட்டன், பட்டன்'னு ஜெபம் பண்ணுது. எது எந்தப் பட்டன்னு சொல்லவே மாட்டேங்குது."

"அந்தப் பழைய புரோகிராம்ல பட்டனுக்குப் பேர் வைக்காம விட்டிருப்பாங்க அக்கா. நாங்க விக்கிறதுல நீங்களே பேர் வெச்சுக்கலாம். அதுக்கு எங்களோடது வேணும்தான்."

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுதானே?" என்றார் ஆபரேட்டர்.

"அப்போ உறுப்பினர் பதிவு போடுற அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒண்ணு போடுங்க," என்றார் தலைவி, பின்னாலிருந்து. அவர் குரலில் சிரிப்பா கோபமா என்று வேகத்தால் பிரிக்க முடியவில்லை. பத்துக்கு வந்து ஒன்று. வாசலில் கார் ஹாரன் நீளமாக அடித்தது.

"வர்றேன் சார்," என்று கத்திவிட்டு அவன் நகரவில்லை. ஓரத்து மேசையில் ஒரு பெரியவர். நாற்பது வருடம் டைப்ரைட்டிங் வகுப்பு நடத்தி, இரண்டு வருடத்துக்கு முன்னால் பார்வை போனவர். இதுவரை ஒரு வார்த்தையும் பேசாதவர். விசைப்பலகையை இரண்டு முறை தடவினார், விரல்களைப் பரப்பி வைத்தார். பிறகு தட்ட ஆரம்பித்தார். குரல் முதல் எழுத்தைச் சொல்வதற்குள் அவர் மூன்றாவது வார்த்தையில் இருந்தார். அது பாதி எழுத்தை விழுங்கி, திக்கி, தடுமாறி, அவர் விரல்களுக்குப் பின்னால் இரைக்க இரைக்க ஓடியது. ஹாரன் மறுபடி அடித்தது. பெரியவர் அடுத்த வரிக்குப் போனார்.