சசிகலா சொன்ன வார்த்தை

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த சுகப்பிரியா, கணவன் வேல்ராஜோடு பென்னலூரில் ஒற்றை அறையில் குடியிருந்தாள். ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் இருவருக்கும் வேலை. லைனில் சுகப்பிரியாவுக்குப் பக்கத்தில் நிற்பவள் சசிகலா. உள்ளூர்க்காரி. வயதில் மூத்தவள், பிள்ளையில்லை. சுகப்பிரியா உண்டானதிலிருந்து கனமான டிரேக்களை அவளைத் தொடவிடாமல் சசிகலாவே தூக்கி வைத்தாள்.

ஐந்தாம் மாதம் மாமியார் பேச்சி ஊரிலிருந்து துணைக்கு வந்தாள். ஒரு நாள் மருமகளைக் கூட்டிப்போக பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து சுகப்பிரியா மெதுவாக இறங்கினாள். நாள் முழுக்க நின்று கால் இரண்டும் வீங்கியிருந்தன. பின்னால் இறங்கிய சசிகலா அதைப் பார்த்துவிட்டு, "ஒன்னப் பாத்தா வயித்தெரிச்சலா கீது பிரியா" என்றாள்.

பேச்சியின் முகம் மாறியது. வீட்டுக்கு வந்ததும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள்.

"பிள்ள இல்லாதவ, வயித்துப்பிள்ளக்காரியப் பாத்து சொல்லுத வார்த்தையா அது?"

"அந்த அக்கா அப்படிப்பட்டவ இல்ல அத்த."

சொன்னாளே தவிர, சுகப்பிரியாவின் கை தானாகவே வயிற்றை மூடிக்கொண்டது. மறுநாள் சூப்பர்வைசர் பிரசன்னாவிடம் இடம் மாற்றிக் கேட்டாள். அவர் சசிகலாவை லைனின் அந்தக் கடைசிக்கு அனுப்பினார்.

மத்தியானம் கேன்டீனில் சசிகலா எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நா இன்னா பண்ணேன் பிரியா?"

"பொறாமப்படுதவுக பக்கத்துல நிக்கக் கூடாதுன்னு அத்த சொல்லுதாக."

"பொறாமையா? கால் வீங்கிக்கினு நீ நிக்கறத பாத்து மனசு கேக்கல. அதுக்கும் அந்த வார்த்தைதானே?"

சுகப்பிரியாவுக்கு அது தெரியும். போன வருஷம் உளுந்து மழையில் அழுகியபோது, அத்தையே வரப்பில் உட்கார்ந்து வயித்தெரிச்சலா இருக்கே என்றுதான் அழுதாள். ஆனால் சுகப்பிரியா தலை நிமிரவில்லை. சசிகலா பாதிச் சாப்பாட்டோடு எழுந்து போனாள்.

அதற்கு அடுத்த வாரம் வேலையில் நிற்கும்போதே சுகப்பிரியாவுக்கு இரத்தம் கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் பிள்ளை இல்லை. கர்ப்பப்பை வாய் பலவீனம், யார் மேலும் தப்பில்லை என்று டாக்டரம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார். பேச்சி கேட்டுக்கொண்டாள். வெளியே வந்ததும், "அன்னைக்கே சொன்னேன்" என்றாள்.

சசிகலா தூக்குவாளியில் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். பேச்சி வாசலை மறித்து நின்று, "அவ தூங்குதா" என்றாள். உள்ளே சுகப்பிரியா விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். கூப்பிடவில்லை.

வேலைக்குத் திரும்பியபோது லைனின் கடைசியில் வேறொருத்தி நின்றாள். விசாரித்ததற்கு, அதே லைனில் வேலை செய்யும் பூஜா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நடந்தது எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. மாசமா இருக்கறவங்க சசி அக்காவப் பாத்தாலே ஒதுங்கிப் போனாங்க. அதான் வேலைய விட்டு நின்னுட்டாங்க. இப்ப வாலாஜாபாத் பக்கம் ஏதோ கம்பெனி."

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது சுகப்பிரியா போன் செய்தாள்.

"அக்கா, நாந்தான். தப்பு எம்மேலதான்."

"வுடு. ஒடம்பு எப்டி கீது?"

"பரவால்லக்கா. உங்களப் பாக்க வரட்டா?"

சசிகலா தாழ்ந்த குரலில் சொன்னாள்: "வேணாம் பிரியா. ஒனக்கு மறுபடி உண்டாவும். அப்போ என் கண்ணுல படாம இரு. எனக்கே இப்ப பயமா கீது."