அந்தரத்தில் நின்ற ஜீப்

ஓய்வு பெற்ற கையோடு சர்வேயர் எடுத்துக்கொண்ட முதல் பெரிய வேலை, தன் பழைய ஜீப்பை அக்கு அக்காகக் கழற்றியதுதான். சேற்றிலும் ஆற்றங்கரையிலும் நிலம் அளக்க அவரைச் சுமந்து திரிந்த வண்டி அது. மேலே பெயின்ட் பளபளவென்றுதான் இருந்தது. ஒருநாள் அடியில் படுத்து, ஸ்க்ரூடிரைவரால் சேசிஸைக் குத்திப் பார்த்தார். பின்சக்கரத்துக்கு மேலே, ஊறிய ரொட்டிக்குள் இறங்குவதுபோல அது இரும்புக்குள் இறங்கிவிட்டது. வண்டிக்கு எலும்பே அந்த சேசிஸ்தான். எஞ்சினும் சக்கரங்களும் பாடியும் அதை நம்பித்தான் இருக்கின்றன. துரு எதுவரைக்கும் போயிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பாடியைத் தூக்கியாக வேண்டும்.

"பழைய இரும்புக்குப் போட்டுட்டு நிம்மதியா இருங்களேன்" என்றாள் மனைவி.

"இத நானே சரி பண்ணிடுவேன்."

மாடியறையில் மகள் இருந்தாள். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரே ஒரு பெட்டியோடு வந்தவள், திரும்பிப் போகும் பேச்சையே எடுக்கவில்லை. காலையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலைக்குப் போவாள், மாலையில் வந்து மாடியேறிவிடுவாள். மாப்பிள்ளை குடிகாரனில்லை, கை நீட்டுகிறவனில்லை. "அவர் எங்கூடப் பேசறதில்லப்பா" என்பது மட்டும்தான் அவள் சொன்ன காரணம். "பேசாம இருக்கறது ஒரு குத்தமா?" என்று சர்வேயர் கேட்டுவிட்டார். அதோடு சரி, மகள் அவரிடமும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். தன்னால் சரிசெய்ய முடியாத ஒன்று மாடியில் இருக்கையில், சரிசெய்யக்கூடிய ஒன்று கொட்டகையில் நிற்பது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பேட்டரியைக் கழற்றினார். பெட்ரோல் டேங்கை இறக்கித் தோட்டத்து மூலையில் வைத்தார். வயர்களுக்கெல்லாம் காகிதத் துண்டு ஒட்டி, எது எங்கே போகிறது என்று எழுதினார். ஸ்டியரிங், பிரேக் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள் எல்லாம் விடுபட்டன. பாடியையும் சேசிஸையும் சேர்த்துப் பிடித்திருந்த போல்ட்டுகள்தான் அவரைப் பாடாய்ப் படுத்தின. பாதி எண்ணெய்க்கு மசிந்தன, மீதியை அறுத்தெடுத்தார். பிறகு ஜாக்கியை வைத்து இடதுபுறம் கொஞ்சம், வலதுபுறம் கொஞ்சம் என்று பாடியை ஏற்றி, கீழே மரக்கட்டைகளைக் கொடுத்துக்கொண்டே வந்தார். பொறுமையாகத்தான் செய்தார். ஆனால் பின்மூலையில் ஒரு கட்டை நழுவியது. பாடி ஒருக்களித்துச் சரிந்து கொட்டகைத் தூணில் முட்டிக்கொண்டு நின்றது. ஏற்றவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. கையை விட்டால் எந்தப் பக்கம் விழும் என்றும் தெரியவில்லை.

"ஏங்க, நானும் வந்து பிடிக்கட்டுமா?"

"கிட்ட வராத. யாரையாவது கூப்பிடு."

யாரை என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இரும்பு விஷயத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் சம்பந்திதான். மாப்பிள்ளையின் அப்பா, இரண்டு தெரு தள்ளி வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். பிள்ளைகள் பிரிந்ததிலிருந்து இரு வீட்டாரும் எதிரெதிரே வந்தாலும் செருப்பைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். அதையெல்லாம் நினைக்க அவளுக்கு நேரமில்லை.

"அண்ணா, பாடி இங்க அந்தரத்துல நிக்குது. இறக்க ஆளில்ல. உடனே வாங்க" என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வெல்டர் ஓடி வந்த வேகத்தில் ஒரு காலில் அவர் செருப்பும் இன்னொரு காலில் பட்டறைப் பையனின் செருப்பும் இருந்தன. முகம் வெளிறிப்போயிருந்தது.

"யாரும்மா? யாரு போயிட்டாங்க?"

"யாரும் போகலண்ணா. ஜீப்போட பாடி."

அவர் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து மூச்சு வாங்கினார். கொட்டகைக்குள்ளிருந்து சர்வேயர், "சம்பந்தி, அப்புறமா உக்காரலாம், கை விட்டுப்போகுது" என்று கூப்பிட்டார். வெல்டர் எழுந்து போனார். ஒன்றும் பேசாமல் ஒரு கடப்பாரையைத் தேடி எடுத்தார், சரிந்த மூலையை நெம்பினார், கட்டையைக் காலால் தள்ளிப் பொருத்தினார். பாடி நேரானது.

மறுநாள் காலையில் வெல்டிங் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு, யாரும் அழைக்காமலே வந்து நின்றார்.

அவர் வேலை செய்வதைப் பார்க்க நன்றாக இருந்தது. பாடி வளைந்துவிடாமலிருக்க முதலில் கதவு வாசல்களின் குறுக்கே குழாய்களைப் பற்றவைத்தார். பாடிக்கு அடியில் இரண்டு நீண்ட குழாய்களைச் செருகி, அவற்றின் முனைகளை உயரமான இரும்பு முக்காலிகள் மேல் ஏற்றினார். பிறகு இருவருமாகச் சக்கரங்களோடு சேசிஸை உருட்டி வெளியே இழுத்தார்கள். வெயிலில் வந்த சேசிஸை வெல்டர் சுத்தியலால் தட்டிக்கொண்டே நடந்தார். நல்ல இடம் கணீரென்றது. பின்பக்கம் போகப் போக ஈரச் சுவரைத் தட்டுவதுபோலச் சத்தம் செத்துப்போனது. வெட்டிப் பார்த்தால் உள்ளே வருஷக்கணக்காகச் சேர்ந்த சேறு.

"ஒட்டுப்போட்டா நிக்காது. ரெண்டு பக்கமும் துண்டா எடுத்துட்டுப் புதுசு வெக்கணும்" என்றார். அன்று அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். அவர் குணமே அப்படி என்று சர்வேயர் எடுத்துக்கொண்டார். அப்படிப்பட்ட ஆளோடு வேலை செய்வது அவருக்குப் பிடித்தும் இருந்தது. பிள்ளைகளைப் பற்றி இருவரும் வாயைத் திறக்கவில்லை.

வினை டேப்பில் வந்தது. புதுத் துண்டுகளை வெல்டர் கண்ணளவில் நிறுத்தி, தற்காலிகமாக நாலைந்து வெல்டிங் பொட்டு வைத்துப் பிடித்திருந்தார். சர்வேயருக்குக் கை சும்மா இருக்கவில்லை. முன்மூலையிலிருந்து எதிர்ப் பின்மூலைக்கு டேப் பிடித்தார், மறுபடி மாற்றிப் பிடித்தார். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு விரற்கடை வித்தியாசம் காட்டியது. வேடிக்கை பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் சாய்ந்து நின்ற நேரம் பார்த்து, "கோணலா வெச்சுட்டீங்களே சம்பந்தி. கண்ணு ஒண்ணு சொல்லுது, டேப்பு ஒண்ணு சொல்லுதே" என்றார்.

வெல்டர் டேப்பைப் பார்க்கவில்லை. முகக்கவசத்தைக் கழற்றி மெஷின்மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் வந்தார். பொட்டுகளை அறுத்துவிட்டு மறுபடி நிறுத்தினார். ஆனால் பேசவில்லை. "டீ சாப்பிடறீங்களா?" என்றால் பதிலில்லை. "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டனா?" என்றாலும் இல்லை. "மன்னிச்சுக்குங்க சம்பந்தி" என்று கையைப் பிடித்தால், கையை மெல்ல விடுவித்துக்கொண்டு வேறு வெல்டிங் ராடு எடுக்கப் போனார். முகத்தில் கோபம்கூடத் தெரியவில்லை. எதிரில் ஆளே இல்லாததுபோல இருந்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே.

சர்வேயர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். சொன்ன சொல்லைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். சொன்ன விதமா, பக்கத்து வீட்டுக்காரர் இருந்ததா, அதற்கு முந்தியே ஏதாவதா? வெல்டர் இருமினால் திரும்பிப் பார்த்தார். ஸ்பானரைக் கொஞ்சம் வேகமாக வைத்தால் தன் வேலையை நிறுத்தினார். தன் வீட்டுக் கொட்டகையில் தானே ஓசைப்படாமல் நடப்பதை ஒரு கட்டத்தில் கவனித்தார். கவனித்தவர், கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய் மாடியேறினார்.

விடுமுறை நாள். மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் கதவோரமாகத் தரையில் உட்கார்ந்தார்.

"மாப்ள இப்படித்தான் இருப்பாராம்மா?"

அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஜன்னலிலிருந்து கொட்டகை தெரியும்.

"ஒருதடவ ஒரு மாசத்துக்கு மேல பேசலப்பா. எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

"எனக்கு ரெண்டு நாளுக்கே மூச்சு முட்டுது."

"நீங்க எந்திரிச்சு மாடிக்கு வந்துட்டீங்க. நான் பக்கத்துலயே படுத்துக்கணும்."

சர்வேயர் தலையைக் குனிந்துகொண்டார். "குத்தமான்னு கேட்டேனே உன்கிட்ட" என்றார். மகள் ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். கிரீஸ் ஒட்டும் என்று அவர் சொல்லியும் நகரவில்லை.

கீழே வந்ததும் சர்வேயர் நேராக வெல்டரின் எதிரில் போய் நின்றார். "சம்பந்தி, கோவம் இருந்தா திட்டிடுங்க. தலையில வேணாலும் ஒண்ணு போடுங்க. இப்படி இருக்காதீங்க. உயிரோட இருக்கறவன இல்லன்னு ஆக்கற மாதிரி இருக்கு. என் பொண்ணு இத வருஷக்கணக்கா பட்டிருக்கா."

வெல்டர் மரக்கட்டை ஒன்றில் உட்கார்ந்தார். வெகுநேரம் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேப்பு சொன்னதுதான் சரி. அன்னைக்கே தெரியும்" என்றார். "சொல்ல வரல. கோவம் வந்தா எனக்கு வாய் பூட்டிக்கும். அப்புறம் கோவம் போயிடும், பூட்டு மட்டும் அப்படியே நிக்கும். எங்க வீட்ல அவ பழகிக்கிட்டா."

"பழகிட்டாங்களான்னு கேட்டிருக்கீங்களா?"

வெல்டர் இல்லை என்று தலையாட்டினார். மாடிப்படியில் மருமகள் நிற்பதை அப்போதுதான் பார்த்தார். எழுந்து நின்றார். "பையன் என்னப் பாத்துத்தான் கத்துக்கிட்டிருக்கணும்மா" என்றார். "உன்ன திரும்பி வான்னு நான் சொல்ல மாட்டேன்."

"சரி மாமா" என்றாள் அவள்.

சர்வேயருக்கு அந்த இடத்தில் ஆசை முளைத்துவிட்டது. "அவசரப்பட வேண்டாம்மா. இப்ப பாரு, துருப்பிடிச்சத மட்டும் வெட்டி எடுத்துட்டு, புதுசா ஒரு துண்டு வெச்சு..."

"அப்பா, நான் ஜீப் இல்ல."

வெல்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டார். உள்ளே அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து மகளும் சிரித்தாள். சர்வேயருக்குக் கடைசியாகத்தான் சிரிப்பு வந்தது.

வேலை அதன்பிறகு சத்தத்தோடு நடந்தது. மூலைக்கு மூலை டேப் பிடித்து, சரியென்று ஆன பிறகே முழுப் பற்று வைத்தார்கள். உள்ளும் புறமும் துருத்தடுப்பு பூசினார்கள். பாடியை இறக்கும் நாளில் தெருவிலிருந்த ஆண்பிள்ளைகள் எல்லோரும் வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். போல்ட் துளைகளில் ஒன்று மட்டும் சேராமல் அடம்பிடித்தது. துளையைப் பெரிசாக்கலாம் என்றார் சர்வேயர். கூடாது என்றார் வெல்டர். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் பாரம் தாங்காமல் முனகும் அளவுக்கு, இருவரும் முகத்துக்கு முகம் வாக்குவாதம் செய்தார்கள்.

மகளும் மாப்பிள்ளையும் மழைக்காலம் முடிந்ததும் முறைப்படி பிரிந்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவள், அன்று மாலை அழுதாள். மறுநாள் வேலைக்குப் போனாள். சர்வேயர் ஒரு வார்த்தையும் புத்திமதி சொல்லவில்லை. அவள் பேசியபோதெல்லாம் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

ஜீப் ஓடத் தயாரான அன்று வெல்டர் தன் மனைவியையும் அழைத்து வந்தார். இனி முறைப்படி சம்பந்தியம்மா இல்லாத அந்த அம்மாளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று சர்வேயரின் மனைவி ஒரு கணம் தடுமாறினாள். பிறகு "வாங்க அக்கா" என்று கையைப் பிடித்து முன்சீட்டில் ஏற்றிவிட்டாள். சர்வேயர் ஓட்ட, வெல்டர் பின்னால் ஏறிக்கொண்டார். தெருமுனை திரும்பும்வரை அந்த அம்மாள் மடியில் கைகோத்து உட்கார்ந்திருந்தாள். பெரிய சாலைக்கு வந்ததும் பேச ஆரம்பித்தாள். தண்ணீர் வராத குழாய், தங்கையின் மூட்டுவலி, பட்டறைக்கு எதிரில் புதிதாகக் கட்டும் கட்டடம் என்று அது போய்க்கொண்டேயிருந்தது. நடுநடுவே பின்னால் திரும்பி, "இல்லீங்க?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றார் வெல்டர். அடுத்த தடவை, "ஆமா, அந்தக் கட்டடத்துக்குக் கம்பி பத்தாது, பாத்தேன்" என்றார். சர்வேயர் இன்னும் கொஞ்சம் தூரம் போகலாம் என்று, வீட்டுக்குத் திரும்பும் சாலையைத் தாண்டி ஓட்டினார்.