இந்த வாரத்து ஜோடி

பாலசுந்தரம் தன் சொந்த அக்காவுக்கு, முன்பின் தெரியாத ஒரு ஆளோடு, நூற்றைம்பது பேர் முன்னிலையில் மைக்கிலேயே கல்யாணத்தை முடித்துவைத்தான். சனிக்கிழமை சாயங்காலம் ஏழு நாற்பதுக்கு. கண்ணாடி போட்டிருந்தால் இது நடந்திருக்காது.

மேடையேறும் முன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது அவன் வழக்கம். ஐம்பத்திரண்டு வயதை, தலைக்குச் சாயமும் தொப்பைக்குக் கோட்டும் போட்டு ஒருமாதிரி மூடி வைத்திருப்பவன், போயும் போயும் ஒரு கண்ணாடியிடம் மாட்டிக்கொள்வானேன் என்பது அவன் கட்சி. கண்ணாடி இல்லாவிட்டால் பத்தடிக்கு அப்பால் மனிதர்கள் எல்லோரும் சட்டையும் புடவையுமாகத்தான் தெரிவார்கள். ஜோக் சொல்வதற்கு அதுவே வசதி. முகம் தெரிந்தால் யார் சிரிக்கவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

இடம், அஸ்தம்பட்டி தாண்டி ஏற்காடு ரோட்டில் ஒரு ஹோட்டலின் புல்வெளி. சேலத்துக்காரர்களுக்கு ஒரு காலத்தில் ராத்திரி என்றால் சினிமாதான். தியேட்டர்களில் பாதி கல்யாண மண்டபமாகவும் மீதி கார் நிறுத்துமிடமாகவும் ஆன பிறகு, குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்கு இந்த மாதிரிப் புல்வெளிகள் முளைத்துவிட்டன. முன்பக்கம் குடும்பங்கள், மூங்கில் தட்டிக்குப் பின்னால் பார். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு மேடை, அதில் குமரகுருவின் மெல்லிசைக் குழு, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் பாலசுந்தரம். சனிக்கிழமைதோறும் அவன் ஏதாவது ஒரு மேசையைக் கைகாட்டுவான், விளக்குக்காரன் கௌதமன் அதன்மேல் வெளிச்சத்தைத் திருப்புவான், அங்கே உட்கார்ந்திருக்கும் புருசன் பொண்டாட்டி ‘இந்த வாரத்து ஜோடி’ ஆவார்கள். இரண்டு கேள்வி, நாலு கிண்டல், அடுத்த வாரம் இலவசமாகச் சாப்பிட ஒரு கூப்பன்.

“பதினாலாம் நம்பர் டேபிள்,” என்றான் பாலசுந்தரம். விளக்கு திரும்பியது. அவனுக்குத் தெரிந்தது ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு நீலப் புடவை, இரண்டு நரைத்த தலைகள். அவனுக்கு அது போதும்.

“ஐயாவையும் அம்மாவையும் பாருங்க. கண்ணாலமாகி முப்பத்தஞ்சு வருசம் ஆகியிருக்குமாட்ட இருக்குது. எப்படிக் கண்டுபுடிச்சேங்கறீங்களா? ரெண்டு பேரும் தட்டத்தான் பாக்கறாங்க, ஒருத்தர ஒருத்தர் பாக்கறதே இல்லை.” தட்டிக்குப் பின்னாலிருந்தும் சிரிப்பு வந்தது. “அம்மா, ஐயா உங்களுக்கு எடுத்துக் குடுத்த மொதப் பொடவ என்ன கலருங்க? எடுத்தே குடுக்கலைன்னா அதையும் சொல்லிருங்க, கேசு போட்டுரலாம்.”

அந்த அம்மாள் கண் கூசி இடது கையைத் தூக்கினாள். புறங்கை வெளியே தெரிய, சுண்டுவிரல் மட்டும் தனியே விலகி நிற்க, நெற்றிக்கு மேல். கண்ணாடி இல்லாமலே அவனுக்கு அடையாளம் தெரிந்தது, வெளிச்சத்தை அப்படி மறைக்கிற கை உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அது நல்லம்மாளுடையது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், முப்பத்து மூன்று வயதில் புருசனைப் பறிகொடுத்தவள், சனிக்கிழமை சாயங்காலம் பெருமாள் கோவிலில் இருப்பதாக அவன் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்த அவனுடைய அக்கா.

இருபத்தைந்து வருசத்தில் மைக் அவனைப் பார்த்து முதல்தடவையாகக் காத்திருந்தது. இது என் அக்கா, இவர் என் மாமா இல்லை என்று திருத்திச் சொல்லலாம்தான். சொன்னால், அப்புறம் இவர் யார் என்று நூற்றைம்பது பேரும் கேட்பார்கள். கேட்பவர்களில் முதல் ஆள் அவனாகவே இருப்பான். அப்படியே விட்டாலோ கல்யாணம் செல்லுபடியாகிவிடும். இந்த இழுபறியில் அவன் நிற்கும்போது அந்த வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்தார். கும்பிடவில்லை, கோபப்படவில்லை. மெதுவாக மேசையைச் சுற்றி வந்து, விளக்குக்கும் அவளுக்கும் நடுவில் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். நல்லம்மாள் அவர் நிழலுக்குள் போய்விட்டாள்.

ஏதோ கோளாறு என்று புரிந்த குமரகுரு கீபோர்டில் அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டான்.

பாட்டு முடிவதற்குள் பாலசுந்தரம் இறங்கி ஓடினான். பதினாலாம் மேசையில் யாரும் இல்லை. சர்வர் கொண்டுவந்து வைத்த கூப்பன் உறை பிரிக்காமல் இருந்தது. பக்கத்தில் ஒரே ஒரு ஐஸ்கிரீம் கிண்ணம், அதற்குள் இரண்டு ஸ்பூன். அந்த இரண்டாவது ஸ்பூனையே பார்த்துக்கொண்டு உறையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மேசை துடைக்க வந்த அன்புச்செல்வி, “அந்தம்மாவைத் தேடறீங்களா சார்?” என்றாள். “கிளம்பிட்டாங்க. எப்பவும் வேப்பமரத்துக்குப் பின்னாடிதான் உக்காருவாங்க. இன்னைக்கு அங்க பைப்பு ஒழுகிச் சேறாப்போச்சு, நாந்தான் முன்னாடி உக்கார வெச்சேன்.”

“எப்பவுமா?”

“மூணு மாசமா வாராங்க சார். அவரு உங்க ஜோக்குக்கு உளுந்து உளுந்து சிரிப்பாரு. அந்தம்மாதான் சிரிக்கவே மாட்டாங்க.”

வீட்டுக்குப் போனதும் மனைவி ஸ்ரீதேவியிடம் இதைக் கொட்டினான். அவள் அலறுவாள், குறைந்தபட்சம் நெஞ்சில் கை வைப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“ஏனுங்க, இப்பத்தான் பாத்தீங்களா?”

“உனக்குத் தெரியுமா?”

“அறிவுன்னு பேரு. சங்ககிரில லாரி புக்கிங் ஆபீசு வெச்சிருந்தாரு. அவரு சம்சாரம் தவறி ஆறு வருசமாச்சு. கண்ணாசுபத்திரில அண்ணியும் அவரும் ஒரே நாளு ஆப்பரேசன் பண்ணிக்கிட்டாங்க, அதுல பழக்கம். நல்ல மனுசருங்க. மோனிஷாகூடப் பேசியிருக்கறா.”

மோனிஷா அவர்கள் மகள், கோயம்புத்தூரில் படிக்கிறாள். அதாவது செய்தி கோயம்புத்தூர் வரைக்கும் போய்விட்டது, நடுவீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு வரவில்லை.

“எங்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?”

ஸ்ரீதேவி ஒரு துண்டை நாலாக மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். “மாவு புளிச்சுப்போச்சுங்க. காலைக்கு உப்புமா கிண்டட்டுங்களா?”

அவனுக்குத் தூக்கம் வரவில்லை. அக்கா ஒருவரோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டதில் அவனுக்குக் கோபம் இருக்கிறதா என்று உள்ளே தடவிப் பார்த்தான். இல்லை. ஆச்சரியமாக, அந்த ஆள் விளக்கை மறைத்து நின்றதை நினைக்கும்போதெல்லாம் அந்த ஆள்மேல் பிரியமே வந்தது. வலித்தது வேறு. தன்னை எல்லோரும் கூடிப் பேசி வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். ஊரையே சிரிக்க வைக்கிறவனிடம் எதைச் சொல்லத்தான் என்ன தயக்கம்? யாரையும் அவன் புண்படுத்தியதில்லை. அவன் முதன்முதலில் மைக்கைப் பிடித்ததே சொந்தக் கல்யாண வரவேற்பில்தான். ராசிபுரம் மண்டபத்தில், மாப்பிள்ளைக் கோட்டோடு, பாட்டுக் குழுவிடமிருந்து மைக்கை வாங்கி என்னவோ சொன்னான். மண்டபம் கிடுகிடுத்தது. என்ன சொன்னான் என்பது மறந்துபோயிற்று, சிரிப்பு மட்டும் காதில் நின்றது. இதைப் பேட்டி கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அவன் பலதடவை சொல்லியிருக்கிறான். அன்றைக்கு அக்காதான், “நல்லாப் பேசற சாமி,” என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பவர்லூம் தறியை விட்டுவிட்டு மேடைக்கு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கூப்பன் உறையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். ஸ்கூட்டரில் போகும்போதே முதல் வரியைத் தயார் செய்துவிட்டான். அவன் கைவசம் வேறு சரக்கு கிடையாது.

“மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க சீர்வரிசைய மறந்துட்டுப் போயிட்டாங்களாட்ட இருக்குது,” என்று உறையை நீட்டினான்.

நல்லம்மாள் சிரிக்கவில்லை. முறத்தில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் முழங்கால் பக்கத்தில் கைபேசி, திரை மேலே தெரியும்படி கிடந்தது.

“உக்காரு சாமி. காப்பி குடிச்சயா?”

“ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?”

“சக்கரை போடலாமா, இல்ல, டாக்டர் வேண்டாம்னுட்டாரா?”

“நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?”

“நீ சொல்லமாட்ட,” என்றாள். எழுந்து அடுப்படிக்குப் போகும்போது கைபேசியையும் எடுத்துக்கொண்டு போனாள்.

பாலசுந்தரம் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டான். வாரம் ஒருமுறை வந்துபோகும் வீடுதான். ஜன்னலோரம் எப்போதும் ஒரு நாற்காலி கிடக்கும், இப்போது இரண்டு. இரண்டாவதன் முதுகில் ஆம்பளைக் குடை ஒன்று தொங்கியது. எத்தனை வாரமாக அது அங்கே தொங்குகிறதோ. போன ஞாயிற்றுக்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அவன் புதிய ஜோக்குகளைச் சொல்லிப் பார்த்தான்.

காப்பியை அவன் முன்னாலும் கைபேசியைப் பழைய இடத்திலும் வைத்துவிட்டு அவள் மறுபடி முறத்தின் முன்னால் உட்கார்ந்தாள்.

“நேத்து ஊடு வந்து சேர்ற வரைக்கும் அவரு ஒண்ணும் பேசல,” என்றாள். “தெனமும் காத்தால ஏழு மணிக்குப் போன் வரும். இன்னைக்கு இன்னும் வரல.”

இருவரும் கைபேசியைப் பார்த்தார்கள். அது கறுப்பாகக் கிடந்தது.

“நான் போயி அவருகிட்டப் பேசட்டுமாக்கா?”

“நீ பேசினது போதும் சாமி.” குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. “நீ என்ற தம்பின்னு அவருக்குத் தெரியும். உன்னையப் பாக்கோணும், பேசோணும்னு அவருதான் வாரம் தவறாம அங்க கூட்டிட்டுப் போவாரு. நாந்தான் மரத்துக்குப் பின்னாடி உக்கார வெச்சிருந்தேன்.”

அவன் காப்பியைக் கீழே வைத்தான். மூன்றாவது தடவையாகக் கேட்டான். இந்தத் தடவை குரலில் எந்த வேடமும் இல்லாததை அவனே கவனித்தான்.

“ஏன்க்கா?”

“சொன்னா நீ மைக்குல சொல்லிப்போடுவ.”

“உன்னையப் போயி நான் எப்படிக்கா...”

“சொல்லியிருக்கற.”

நல்லம்மாள் ஒரு அவரைக்காயின் நாரை உரித்தாள். எக்ஸ்சேஞ்சில் நம்பர் சொல்வது போன்ற, ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரலில் பேசினாள்.

“உன்ற கண்ணாலத்தன்னைக்கு, காத்தால. நீ வேட்டி கட்டிட்டிருந்த. எங்காபீசுல லைன்மேனா இருக்கற ஆத்தூர்க்காரரு என்னையக் கட்டிக்கறேங்கறாரு, நீ என்ன சாமி சொல்றேன்னு கேட்டேன். நீ என்ற கையைப் புடிச்சிட்டு அழுதுட்ட. அத்தன சந்தோசம் உனக்கு.”

அவனுக்கு அந்த வேட்டி ஞாபகம் வந்தது. கரை பச்சை.

“சாயங்காலம் மைக்க வாங்கின. ‘எங்கக்காவும் ரெடி, ஆத்தூர் மாப்பிள்ளையும் ரெடி, யாரும் பந்தலப் பிரிக்காதீங்க, வாடகை மிச்சம்’னு சொன்ன. செத்துப்போன என்ற ஊட்டுக்காரரோட அம்மா, தங்கச்சிக எல்லாரும் அங்கதான் உக்காந்திருந்தாங்க.”

முழு வாசகமும் அப்படியே. ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. அவன் தொழிலின் முதல் ஜோக்கை இருபத்தைந்து வருசம் அவனுக்குப் பதிலாக அவள் ஞாபகம் வைத்திருந்தாள். அன்றைக்கு வரவேற்பு மேடையில் ஸ்ரீதேவி அவன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவளும் கேட்டிருப்பாள். துண்டை அவள் ஏன் அத்தனை தடவை மடித்தாள் என்பது இப்போது புரிந்தது.

“எல்லாரும் சிரிச்சாங்களேக்கா,” என்றான். சொன்னபிறகுதான் அது எவ்வளவு கேவலமான சாட்சி என்று உறைத்தது. “நீயும் சிரிச்ச. நல்லாப் பேசறேன்னு சொன்ன.”

“சிரிச்சேன். கையில பாயச வாளியோட பந்தியில நின்னுட்டிருந்தேன். சாப்பாட்டு ஹாலுக்கும் ஸ்பீக்கர் குழாய் கட்டியிருந்தாங்க, அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. வேற என்ன பண்றது? நீயோ புது மாப்பிள்ளை. உன்ற மூஞ்சி அப்படி ஒரு வெளிச்சமா இருந்துது.”

தெருவில் ஒரு தண்ணீர் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கைபேசி கறுப்பாகவே இருந்தது. பாலசுந்தரம் மன்னிப்பு என்ற வார்த்தையை எடுத்துப் பார்த்தான். அதை மேடையில் தினமும் நாலு தடவை சொல்லிச் சொல்லி அதில் ஒன்றுமே மிச்சமில்லை. கடைசியில் அவன் வாயில் வந்தது, ஒரு கல்யாண வீட்டுக்காரன் கேட்கக்கூடிய மிகச் சாதாரணமான கேள்வி.

“அந்த ஆத்தூர்க்காரரும் பந்தியிலதான் இருந்தாராக்கா?”

“ஆமா.”

“சாப்பிட்டாரா?”

நல்லம்மாள் முறத்திலிருந்து கையை எடுத்தாள். தம்பியின் முகத்தை, கண்ணாடிக்குள் இருந்த கண்களை, நேராகப் பார்த்தாள்.

“இல்ல சாமி. அப்பத்தான் அவருக்குப் பாயசம் ஊத்தினேன். அதோடயே எலைய மடிச்சுப்போட்டு எந்திரிச்சுட்டாரு. மடிச்ச எலையிலிருந்து பாயசம் மேசை ஓரமா ஒழுகிட்டே இருந்துது. மைக்குல நீ அடுத்ததுக்குப் போயிட்ட. நான் வாளியக் கீழ வெக்காம அதையே பாத்துட்டு நின்னேன்.”