இதிலிருந்து நிறுவுக

டோர்னன் சார் விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் ஒரே ஒரு பாடவேளைதான் அவகாசம். மணி அடிப்பதற்குள் அவர் மேசை முன்னால் வரிசையில் நின்று, இந்த அரை மார்க் ஏன் போனது, அந்த ஒரு மார்க் ஏன் போனது என்று வாதாடிக்கொள்ளலாம். மணி அடித்த பிறகு பிரதமரே வந்து கேட்டாலும் மாறாது. பிள்ளைகள் அதற்குப் பிச்சை வரிசை என்று பேர் வைத்திருந்தார்கள். பேர் வைத்தவர்கள்தான் முதலில் ஓடிப்போய் நிற்பார்கள்.

நாம்கூங் ஹேரின் அந்த வரிசையில் ஒருநாளும் நின்றதில்லை. பெருமைதான், வேறென்ன. ஐந்து வருஷமாகக் கணக்கில் முதல் பத்துக்குள் இருந்தவளுக்கு நிற்கவேண்டிய தேவையும் வரவில்லை.

பரீட்சை வைத்து வடிகட்டிப் பிள்ளைகளை எடுக்கிற அரசுப் பள்ளிக்கூடம் அது. உள்ளே வந்த பிறகும் வடிகட்டல் ஓய்வதில்லை. பதினோராம் வகுப்புக் கடைசிப் பரீட்சையில் எழுபது எடுத்தவர்களுக்குத்தான் அக்டோபரில் தொடங்கும் பன்னிரண்டாம் வகுப்பில் நாலு யூனிட் என்கிற உயர்கணக்கு. எடுக்காதவர்கள் மூன்று யூனிட்டோடு நின்றுகொள்ள வேண்டும். அறுபத்தொன்பதேமுக்கால் என்றாலும் மூன்றுதான்.

ஹேரின் எடுத்தது அறுபத்தொன்பது.

காய்ச்சலோடு எழுதிய பரீட்சை. அது ஒரு காரணம் என்று அவளே ஒத்துக்கொள்ள மாட்டாள். நாலு யூனிட்டின் முதல் பாடமான கலப்பெண்களை ஜூலை விடுமுறையிலேயே ஆசை ஆசையாகப் படித்து முடித்திருந்தாள். எதிர்மறை எண்ணுக்கும் வர்க்கமூலம் உண்டு என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யாரோ துணிந்து யோசித்திருக்கிறார்கள், அதை ஒரு வகுப்பில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசலாம் என்பதே அவளுக்குக் கொண்டாட்டமாக இருந்தது. அவள் அம்மா வேறு, மகள் நாலு யூனிட் எடுக்கப்போகிறாள் என்று சர்ச்சில் ஞாயிறு சாப்பாட்டின்போது ஒரு மேசை விடாமல் சொல்லி வைத்திருந்தாள்.

தாளைப் புரட்டினாள். பதினாலாம் கேள்வியில் இரண்டு மார்க் முழுசாகப் போயிருந்தது. கேள்வியின் முதல் பகுதி, ஒன்று கூட்டல் எக்ஸ் என்ற அடைப்புக்குறியின் அடுக்கை விரித்து எழுதச் சொன்னது. இரண்டாம் பகுதி இப்படித் தொடங்கியது: 'இதிலிருந்து நிறுவுக.' ஒரு கூட்டத்தில் ஒருவரும் இல்லாத குழு, ஒருவர் குழு, இருவர் குழு என்று எல்லா அளவிலும் அமைக்கக்கூடிய குழுக்களைக் கூட்டினால், கூட்டத்தில் எத்தனை பேரோ அத்தனை இரண்டுகளைப் பெருக்கிய எண் வரும். அதைக் காட்டவேண்டும். முதல் பகுதியில் எக்ஸுக்குப் பதில் ஒன்று என்று போட்டால் ஒரே வரியில் முடிந்துவிடும்.

ஹேரின் முதல் பகுதியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'ஒவ்வொருவரும் குழுவுக்கு வரலாம், வராமல் இருக்கலாம். ஆளுக்கு இரண்டு வழி. எல்லாவற்றையும் பெருக்கு' என்று நாலே வரி எழுதியிருந்தாள். பக்கத்தில் டோர்னனின் சிவப்பு எழுத்து: 'அழகு. ஆனால் கேட்டது இதுவல்ல. 0.'

"எழுபதுடீ! கரெக்டா எழுபது!" பக்கத்து இருக்கையிலிருந்த அராக்ஸி கெஷிஷியான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஏழாம் வகுப்பிலிருந்து ஒரே ரயிலில் போய்வருகிறவள். "எங்கம்மா நம்பவே மாட்டாங்க. உனக்கு எவ்வளவு? எண்பதா?"

"அறுபத்தொன்பது."

"சும்மா சொல்லாத."

"உன் பதினாலைக் காட்டு."

அராக்ஸி சந்தோஷத்தில் யோசிக்காமல் தாளை நீட்டினாள். அவளும் எக்ஸ், ஒன்று என்று எதுவும் போடவில்லை. 'இதிலிருந்து, ஒவ்வொருவரும் வரலாம், வராமல் இருக்கலாம்' என்று தொடங்கி அதே நாலு வரி. பரீட்சைக்கு முந்தின வாரம் ரயில் மேடையில், சர்ச் பிக்னிக்குக்கு யார் வருவார், யார் வரமாட்டார் என்று உதாரணம் சொல்லி ஹேரின்தான் அவளுக்கு விளக்கியிருந்தாள். ஒரு வார்த்தைதான் அராக்ஸி சேர்த்தது. கேள்வியில் இருந்த 'இதிலிருந்து' என்பதை எடுத்துப் பதிலின் தலையில் வைத்திருந்தாள். பக்கத்தில் இரண்டு சரி அடையாளம். எழுபத்தைந்து தாள் திருத்துகிறவர் வரியின் முதல் வார்த்தையைப் பார்த்துத் திருப்தியாகி மேலே போயிருக்கிறார். யானைக்கும் அடி சறுக்கும்.

ஹேரின் எதைப் பார்க்கிறாள் என்பது அராக்ஸிக்கு இரண்டு விநாடி கழித்துப் புரிந்தது. சிரிப்பு நின்றது. தாளை மெல்ல இழுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

ஹேரின் எழுந்துபோய் முதன்முறையாகப் பிச்சை வரிசையில் நின்றாள்.

அவளுக்கு முன்னால் பிலிப் மகாரியோஸ் நின்றான். எழுபத்தெட்டு வாங்கிவிட்டு அரை மார்க்குக்கு வந்திருந்தான்.

"சார், இங்க சென்டிமீட்டர்னு எழுதலைன்னு அரை மார்க் குறைச்சிருக்கீங்க. மேல எழுதியிருக்கேன் பாருங்க."

டோர்னன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஆமா, எழுதியிருக்க. இந்தா அரை. அதுக்கு மேல் வரில மைனஸ் குறி எங்கப்பா போச்சு? நான் கவனிக்கலையே. அதுக்கு ஒண்ணு கழிச்சுக்கறேன்."

"சார்!"

"கேட்டு வந்தா ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். சொல்லியிருக்கேன்ல? அடுத்து."

சாண் ஏற முழம் சறுக்கிய பிலிப்பைப் பார்த்து வகுப்பே சிரித்தது. "அரை மார்க் நஷ்டத்துல வியாபாரம் பண்ணிட்டு வர்றான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பிலிப் தாளைச் சுருட்டிக்கொண்டு போனான். ஹேரின் தன் தாளை மேசையில் வைத்தாள்.

"நீ இங்க வந்து நான் பார்த்ததே இல்லையே" என்றார் டோர்னன்.

"பதினாலு, சார். என் நிறுவல் தப்பா?"

"தப்பில்ல. நான் எழுதி வச்சிருக்க விடையைவிட உன்னுது நல்லாருக்கு."

"அப்புறம் ஏன் சைபர்?"

"கேள்வில என்ன போட்டிருக்கு? படி."

"இதிலிருந்து நிறுவுக."

"'இதிலிருந்தோ வேறு வழியிலோ'ன்னு போட்டிருந்தா முழு மார்க் குடுத்திருப்பேன். போடல. இதிலிருந்துன்னா இதிலிருந்துதான். பன்னெண்டாவது பொதுப் பரீட்சைல உன் தாளைத் திருத்தறவருக்கு உன்னைத் தெரியாதும்மா."

அவர் சொன்னதில் பிழையில்லை. இந்த ஊரில் அந்த ஒரு வார்த்தையில் இடறி விழாத கணக்குப் பிள்ளையே கிடையாது. அவளுக்கும் தெரிந்த விதிதான்.

"ஒரு மார்க்ல போகுது, சார்."

"பார்த்தேன்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "சரி, ஒண்ணு செய்வோம். இதே மாதிரி எழுதி நான் மார்க் போட்ட தாள் யார்கிட்டயாவது இருக்கா? இருந்தா கொண்டா. ரெண்டையும் ஒரே மாதிரி நடத்தறேன். அதான் நியாயம்."

ஒரே மாதிரி என்றால் எப்படி என்பதற்குப் பிலிப் அங்கேயே மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு சாட்சியாக உட்கார்ந்திருந்தான். கொண்டுபோய் வைத்தால் ஹேரினுக்கு இரண்டு ஏறலாம். அராக்ஸிக்கு இரண்டு இறங்குவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஹேரின் திரும்பிப் பார்த்தாள். அராக்ஸி பென்சில் பைக்குள் மும்முரமாக எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

ஹேரின் காத்திருந்தாள். 'என்கிட்ட இருக்கு சார்' என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தால் போதும். அதற்கப்புறம், 'வேண்டாம் சார், அவளுடையது அவளுக்கே இருக்கட்டும்' என்று சொல்வதற்குக்கூட அவள் தயாராக இருந்தாள். பென்சில் பையின் ஜிப் சத்தம்தான் வந்தது.

"இல்ல, சார்" என்றாள்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

மணி அடித்தது.

தியாகம் என்று யாராவது சொன்னால் அவளுக்கே சிரிப்பு வந்திருக்கும். இரண்டு பேர் வெளியே நிற்பதைவிட ஒருவர் நிற்பது மேல் என்று அந்த நேரத்தில் கணக்குப் போட்டாள், அவ்வளவுதான். வலித்தது மார்க் இல்லை. அந்த ஜிப் சத்தம்.

அன்று மாலை ரயிலில் அராக்ஸியைக் காணவில்லை. வீட்டில் அப்பா குளியலறைகளுக்கு ஓடு ஒட்டிவிட்டு முழங்காலில் சிமென்ட்டோடு வந்து உட்கார்ந்திருந்தார். ஹேரின் சொன்னாள்.

"ஒரு மார்க்கா?" என்றார் அப்பா. "ஒரு மில்லிமீட்டர் தப்பினா நான் ஓட்டைப் பேத்துட்டுத் திருப்பி ஒட்டறேன். அவங்க பரீட்சையைத் திருப்பி வைக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்கப்பா."

"வேலை தெரியாதவங்க" என்று சொல்லிவிட்டு அவர் சூப்பைக் குடித்தார். அம்மா அந்த ஞாயிறு தலைவலி என்று சர்ச்சில் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை.

அக்டோபரில் நாலு யூனிட் வகுப்பு தொடங்கியது. இருபத்துமூன்று பேர். கதவுக் கண்ணாடி வழியாக டோர்னன் பலகையில் எழுதுவது தெரியும். ஹேரின் அந்தப் பாடவேளையில் நூலகத்தில் உட்காருவாள். இரண்டாவது வாரம், ரயிலில் அராக்ஸி வந்து எதிரே உட்கார்ந்தாள். ஒன்றுமே நடக்காதது மாதிரி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"கலப்பெண்டீ. தலையும் புரியல, வாலும் புரியல. நாளைக்குக் குடுக்கணும். நீதான் ரெண்டு நிமிஷத்துல போடுவியே, சொல்லேன்."

ஹேரின் தாளை வாங்கினாள். இரண்டு பகுதியாக ஒரே ஒரு கேள்விதான், கீழே வெற்றிடம். இரண்டு தடவை நிதானமாகப் படித்தாள். பேனாவைத் திறந்து, வெற்றிடத்தின் முதல் வரியில் 'இதிலிருந்து,' என்று எழுதினாள். கமாவை மறக்கவில்லை. மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

அராக்ஸி தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். "என்னடி, அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அதை எழுதிட்டா போதும், மிச்சத்துக்கு அவரே மார்க் போட்டுடுவாரு. உனக்குத் தெரியாதா?"

அராக்ஸியின் முகம் கழுத்துவரை சிவந்தது. அடுத்த நிலையம் வரும்வரை அந்த ஒற்றை வார்த்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் இறங்கவேண்டிய மெடோபேங்க் வந்தது. எழுந்து கதவருகில் நின்றாள்.

"அன்னிக்கு நான் எந்திரிச்சிருந்தா..." என்று ஆரம்பித்தாள்.

"இறங்கு. கதவு மூடிடும்."

இறங்கிவிட்டாள். ரயில் ஆற்றுப் பாலத்தில் ஏறியது. ஹேரினுக்குத் திருப்தியாக இருந்தது. ரோட்ஸ் நிலையம் வருவதற்குள் அந்தத் திருப்தி தீர்ந்துபோய்க் கண் கலங்கியது. அதைத் துடைத்துக்கொண்டபோதுதான், கேள்வி வரிக்கு வரி மனசில் இருப்பதைக் கவனித்தாள். நோட்டை எடுத்து மடியில் விரித்தாள். முதல் வழி அரைப் பக்கத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அடித்துவிட்டு வேறு பக்கமாக வந்தாள்.

கடைசி வரி எழுதித் தலை நிமிர்ந்தபோது அவள் இறங்கவேண்டிய ஸ்ட்ராத்ஃபீல்ட் போய்விட்டிருந்தது. பர்வுட்டில் இறங்கி எதிர் மேடைக்குப் போய் உட்கார்ந்து, எழுதியதை ஒருமுறை சரிபார்த்தாள். பிழை இல்லை. அராக்ஸியின் தாளில் கேள்வி 'இதிலிருந்தோ வேறு வழியிலோ நிறுவுக' என்றுதான் இருந்தது. திரும்பிப் போகிற ரயிலுக்குப் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது.