'நைஸ்' என்ற சொல்லின் அட்டை

ஆங்கிலம்-தமிழ் அகராதி அலுவலகத்தில் சரிபார்ப்பவருக்குச் சந்தேகப்படத்தான் சம்பளம். அவரோ வாங்கிய சம்பளத்துக்கு மேலேயே சந்தேகப்படுவார்.

அங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் தட்டச்சு செய்த ஓர் அட்டை உண்டு. எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் பார்த்தோம் என்று அடியில் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவரும் அட்டையைக் கிழித்தவரும் வேலையை விட்டுப் போக வேண்டியதுதான். இருபத்தாறு வருடமாக அந்த விதியைச் சொல்லியே எல்லாரையும் ஆட்டிப்படைத்தவர் இவர். மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் மச்சினனை அங்கே சேர்த்துவிட்ட நாளிலிருந்து, அவனைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துவந்தார்.

அன்று காலை அவர் உள்ளே நுழைந்ததும், மச்சினன் அட்டை இழுப்பறையைப் படக்கென்று மூடினான். எதையோ சட்டைப்பையில் செருகினான்.

"என்ன மாப்ளே பையில?"

"ஒண்ணுமில்ல மாமா, பஸ் டிக்கெட்."

பஸ் டிக்கெட்டை வைக்க எவனாவது இழுப்பறையைத் திறப்பானா? அவன் டீ குடிக்கப் போனதும் இவர் துழாவினார். 'நைஸ்' இருந்த இடத்தில் பழைய அட்டையைக் காணோம். புத்தம்புது அட்டை ஒன்று இருந்தது. 'இனிய, நல்ல' என்று இன்று புழங்கும் அந்தச் சொல், லத்தீனில் 'அறியாத' என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததாம். முதலில் 'மடத்தனமான' என்று பொருளாம். பிறகு 'நுணுக்கம் பார்க்கிற' என்றாகி, கடைசியில்தான் 'இனிய' ஆனதாம்.

என்ன கரடி விடுகிறான்! பாராட்டுகிற சொல் வசவிலிருந்து வருமா? பையனுக்கு வேலை போனால் போகட்டும், தன் பெயர் கெடக்கூடாது என்று அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அட்டையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று தலைமைப் பதிப்பாசிரியர் அம்மாவின் அறைக்குப் போய்ப் போட்டுக்கொடுத்துவிட்டார்.

அந்த அம்மா வேலைக்கு வந்து ஒரு வருடம்தான். சொந்தம், பந்தம் எதுவும் அவரிடம் செல்லாது. அட்டையில் குறித்திருந்த தடித்த புத்தகத்தை வரவழைத்தார். மச்சினனையும் கூப்பிட்டு நிறுத்தினார். பக்கத்தைப் புரட்டி, விரல் வைத்துப் படித்தார்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு? நீங்க இந்தப் புத்தகத்தப் பாத்தீங்களா, இல்லையா?"

சரிபார்ப்பவர் புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"சரி. பழைய அட்டை எங்கப்பா?"

மச்சினன் தயங்கித் தயங்கிப் பையிலிருந்து எடுத்தான். 'தமிழ் நயம் என்பதிலிருந்து பிறந்தது' என்று இருந்தது. புத்தகத்தின் பெயர் இல்லை. கையெழுத்து இருக்க வேண்டிய மூலை கிழிந்திருந்தது.

"யாரு போட்டது இது? மூலைய யாரு கிழிச்சா?"

"தெரியல மேடம். கிழிஞ்சுதான் கெடந்துச்சு."

சரிபார்ப்பவருக்கு அட்டையைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. இந்த வரியை எழுதிய அன்று மனைவியிடம் மார்தட்டிப் படித்துக் காட்டியது அவர்தான். பையன் தன்னைக் காப்பாற்றத்தான் கிழித்திருக்கிறான்.

"அட்டையக் கிழிச்சா என்ன ஆகும்னு தெரியுமில்ல? நாளையிலேருந்து வர வேண்டாம்."

மச்சினன் தலையாட்டிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினான். அவமானம் பிடுங்கித் தின்றது இவரைத்தான்.

"நான் போட்டது மேடம்," என்றார். "புத்தகம் எதுவும் பாக்கல. நைஸும் நயமும் கேக்க ஒரே மாதிரி இருந்துச்சு. அதான்னு முடிவு பண்ணிட்டேன்."

"மாமா, சும்மா இருங்க மாமா!"

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "உங்க கையெழுத்துல மொத்தம் எத்தன அட்டை இருக்கு?"

"இருபத்தோராயிரம் இருக்கும்."

"அதுல பாக்காம போட்டது எத்தன?"

இது ஒன்றுதான் என்று சொல்ல வாயெடுத்தார். சத்தியமாக அவருக்கே தெரியவில்லை.