மெழுகு வைத்த பாட்டில்

என் வீட்டுக்காரர் துல்கர்னைனுக்குத் தட்டில் கை வைத்தாலே கொழும்பு நினைப்பு வந்துவிடும். முட்டை பொரித்து வைத்தால், "இதுமேல நாலு சொட்டு மிளகா சாஸ் விட்டா எப்படி இருக்கும் தெரியுமாட்டி?" என்பார். மீன் ஆணத்துக்கும் அதே பேச்சு, கட்லெட்டுக்கும் அதே பேச்சு. பத்து வருஷம் கொழும்பு ஓட்டலில் சமைத்தவர். கல்யாணமாகி ஆறு மாசமாகத் தென்காசியில் என்னோடு இருந்துகொண்டு, சீசனுக்குக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் சமையல் பார்த்தார்.

அந்த ஆனி மாசம் பழைய முதலாளி கொழும்பிலிருந்து கடிதம் போட்டார், உடனே கிளம்பி வா என்று. இவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. போகாதீர்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் நான் கொஞ்சம் திமிர் பிடித்தவள். கெஞ்சியா ஒரு ஆளை நிறுத்தி வைப்பது? அந்தச் சாஸ்தானே இழுக்கிறது, அதை இங்கேயே செய்துவிடுவோம் என்று முடிவெடுத்தேன்.

செய்முறை அவர் வாயாலேயே நூறு தடவை கேட்டது. பழுத்த மிளகாயை உப்பு சேர்த்து அரைத்து, புளிக்கவிட்டு, வினிகர் ஊற்றி வடிகட்ட வேண்டும். அரைத்ததில் இரண்டு நாள் கை எரிந்தது. அவரிடம் மூச்சு விடவில்லை. என் வாப்பா குற்றாலத்தில் மலைத்தேன் வியாபாரி. தேன் பாட்டிலில் தக்கையை அடித்து இறக்கி, மேலே மெழுகு ஊற்றி அடைப்பது எனக்குச் சின்னதிலேயே பழகிய வேலை. அரைத்த விழுதையும் புளிப்பதற்காக அப்படியே ஒரு பாட்டிலில் காற்றுப் புகாமல் அடைத்து அடுப்படிப் பரணில் ஒளித்தேன்.

ஆறாம் நாள் சாயங்காலம் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். உள்ளே டமார் என்று சத்தம். அப்போதுதான் வேலை முடிந்து வந்த இவர் அடுப்படிக்கு ஓடியிருக்கிறார். சுவரெல்லாம் சிவப்பு, தரையெல்லாம் கண்ணாடி, என்னைக் காணோம்.

"நூரு! ஏட்டி நூரு!"

அப்படி ஒரு குரலை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஈரக் கையோடு ஓடிவந்து நின்றேன். என் தலை, கை, தோள் எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கண்ணில் தண்ணீர். மிளகாய் நெடி என்று பிறகு சாதித்தார். எனக்குத் தெரியாதா?

"ஒன் ரத்தம்னுல்லா நெனச்சேன்."

"ஒங்க கொழும்பு சாஸ்," என்றேன். அதற்குள் எனக்கும் அழுகை வந்துவிட்டது. "இங்கனயே கெடச்சா நீங்க போவ மாட்டியன்னு நெனச்சேன்."

சுவரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு காணாது. புளிக்கயில உள்ள காத்து கெளம்பும்லா, இப்படியா மெழுகு வப்பாவ? தெனமும் ஒருக்கா தொறந்து விடணும்ட்டி."

"எத்தன நாளைக்கு?"

"ஒரு மாசம்."

"அதுவரைக்கும் ஒங்க மொதலாளி பொறுப்பாவளா?"

அவர் குனிந்து கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பிறகு சட்டைப் பையிலிருந்த கொழும்புக் கடிதத்தை எடுத்து விரித்து, சில்லுகளை அதில் கொட்டிப் பொட்டலமாக மடித்தார்.

"அங்கனயே நில்லு. இதக் குப்பையில போட்டுட்டு வாரேன், கால்ல குத்திராம."